கிழட்டுத் திமிங்கிலமும் மூன்று வாத்துமுட்டையும்

கீலுங்,
மார்ச் 6

மகள் யீஜென்னுக்கு,

அப்பா எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. முழங்கால் மட்டும் என்னைக் கேட்காமலே சில முடிவுகளை எடுக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை அந்தப் பேஸ்பால் மைதானத்திலேயே எதையாவது கொறித்துவிட்டுப் படுத்துவிடுகிறாயா?

போன் பண்ணியிருக்கலாமே என்பாய். முப்பது வருஷம் கப்பலின் இயந்திர அறையில் நின்ற காது இது. நீ கத்துவாய், நான் "என்ன?" என்பேன், இரண்டு பேருக்கும் தொண்டை வற்றிப்போகும். அதனால் எழுத்து.

கோபமாகத்தான் எழுதுகிறேன். புத்தாண்டுக்கு வந்தபோது, "இன்டர்நெட்ல போக்கர் ஆடுறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க, ஆடுங்க. ஆனா குருட்டுத்தனமா ஆடாதீங்க" என்று சொல்லி என் கணினியில் எதையோ ஏற்றிவிட்டுப் போனாய். அன்றிலிருந்து மேசையில் உட்காருகிற ஒவ்வொருவன் பெயருக்கும் கீழே எண்கள் தொங்குகின்றன, மீன் கடையில் விலைச்சீட்டுக் குத்தி வைத்த மாதிரி. கையில் இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. இதற்கு எதற்கு இத்தனை கணக்கு?

இருந்தாலும் உன் பேச்சைக் கேட்டேன். நேற்று மதியம் 'ஊதா மீசை' என்று ஒருவன் எதிரே இருந்தான். அவனுக்கு எண்பது என்று காட்டியது. நூறு ஆட்டத்தில் எண்பதில் பணத்தைப் போட்டு உள்ளே வருகிறவன், குப்பைச் சீட்டை வைத்துக்கொண்டு ஆடுகிறவன் என்று நீதான் சொல்லிக்கொடுத்தாய். என் கையில் இரண்டு ஒன்பது. அவன் பந்தயத்தை ஏற்ற ஏற்ற நானும் விடாமல் கூடப் போனேன். கடைசியில் திருப்பிக் காட்டுகிறான்: இரண்டு ஏஸ்.

உன் எண் பொய் சொல்லிவிட்டது. பதில் எழுது.

அப்பா


தைச்சுங்,
மார்ச் 15

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். முழங்காலுக்கு மருத்துவரைப் பாருங்கள், அப்படியே அவரிடமே காதையும் காட்டுங்கள். இதை எத்தனையாவது முறையாக எழுதுகிறேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

எண் பொய் சொல்லவில்லை. அந்த எண்பதுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இன்னொரு எண் இருந்திருக்கும். அதுதான் அவனை நீங்கள் எத்தனை ஆட்டம் பார்த்திருக்கிறீர்கள் என்பது. பத்துதான் இருந்திருக்கும். பத்து ஆட்டத்தில் அவனுக்கு எட்டு முறை நல்ல சீட்டு வந்திருக்கலாம், அவ்வளவுதான். சில நூறு ஆட்டமாவது சேராமல் எவனைப் பற்றியும் முடிவு கட்டாதீர்கள்.

அணிக்கு எண் கணக்குப் பார்க்கிற எனக்கு இங்கே எங்கள் பயிற்சியாளரோடும் இதே போராட்டம்தான். போன வாரம், "நேத்து மூணு அடி அடிச்சான்ல, அவனையே முதல்ல இறக்கு" என்றார். "நேத்து ஒருநாள்தான் சார் அடிச்சான். இந்த வருஷம் முழுக்க அவன் அடிச்சத பாருங்க" என்றேன். "எண்ணையே பாத்துக்கிட்டிரு, பந்து மூஞ்சியில வந்து விழட்டும்" என்றார். இறக்கினார். அவன் ஒரு பந்தைக்கூடத் தொடவில்லை. திட்டு எனக்கு.

அதைவிட முக்கியம், உங்களுடைய சொந்த எண்ணைப் பார்த்தீர்களா? புத்தாண்டுக்கு வந்தபோதே நான் பார்த்தேன். உள்ளே வருவது நூற்றுக்கு ஐம்பத்திரண்டு, தானாகப் பந்தயத்தை ஏற்றுவது நான்கு. கூப்பிடாத விருந்துக்கெல்லாம் போய் உட்கார்ந்துவிட்டு, பரிமாறுகிறவரிடம் எதையும் கேட்கக் கூச்சப்படுகிற ஆளின் எண் இது. இருபத்தைந்துக்கு மேல் உள்ளே வராதீர்கள். வந்தால் ஏற்றிக்கொண்டு வாருங்கள். இல்லையென்றால் சீட்டைக் கவிழ்த்துவிட்டுத் தேநீர் குடியுங்கள்.

இன்னொன்று. உங்களுக்கு நீங்களே 'கிழட்டுத் திமிங்கிலம்' என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். கடல்காரர், பிடித்து வைத்திருப்பீர்கள். இந்த ஆட்டத்தில் திமிங்கிலம் என்றால் பணத்தைக் கொட்டிவிட்டுப் போகிற ஏமாளி என்று அர்த்தம்.

தம்பி போஷுன் தைதுங்கில் நலமாக இருக்கிறான். பகலில் கடலில் மூழ்கப் போகிறவர்களுக்கான முக்குளிப்புக் கடையில் வேலை, மற்ற நேரம் போக்கர். நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் அம்மாவின் நினைவுநாள் சாப்பாட்டில், கப்பல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவனைச் சித்தப்பாக்கள் எதிரில், "இந்தச் சீட்டாடியப் பெத்ததுக்கு ஒரு சீட்டுக்கட்டு வாங்கியிருக்கலாம்" என்று சொன்னது எந்த வாயோ, அதே வாய்தான் இப்போது என்னிடம் சீட்டுக்கு விளக்கம் கேட்கிறது. எனக்குப் புரியவில்லை. கேட்கவும் மாட்டேன்.

உங்கள் யீஜென்


கீலுங்,
மே 2

யீஜென்னுக்கு,

இங்கே நலம். சளி பிடித்து விட்டுவிட்டது. இஞ்சிச் சாறு குடித்தேன். உன் பயிற்சியாளருக்கும் கொஞ்சம் கொடு, மூளை தெளியும்.

பெயரை மாற்ற மாட்டேன். ஏமாளி என்று நினைத்துக்கொண்டு வருகிறவன் கொஞ்சம் அசட்டையாக ஆடுவான், அது எனக்கு நல்லது. இதுவும் ஒரு கணக்குதான், உன் நிரலில் இது இல்லை.

ஒன்றரை மாதமாக நீ சொன்னபடியே ஆடினேன். எவ்வளவு எரிச்சலான வேலை தெரியுமா? பத்தில் எட்டு முறை சீட்டைக் கவிழ்த்துவிட்டுச் சும்மா உட்கார வேண்டியிருக்கிறது. துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு இடத்துக்குக் காத்திருந்த நாளெல்லாம் ஞாபகம் வந்தது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஊதா மீசையைப் பற்றி இப்போது என்னிடம் எழுநூறு ஆட்டத்துக்குக் கணக்கு இருக்கிறது. எண்பது முப்பதுக்கு இறங்கிவிட்டது, நீ சொன்னது சரி. இன்னொரு எண் கண்ணில் பட்டது. கடைசிச் சீட்டு விழுந்த பிறகு யாராவது பெரிய பந்தயம் வைத்தால், பத்தில் ஏழு முறை பயந்து கவிழ்த்துவிடுகிறான். முன்னால் எல்லாம் சிங்கம், கடைசியில் பூனை. போன செவ்வாய்க்கிழமை எனக்கு நாலு ஹார்ட்டின் சேர்ந்து ஐந்தாவதுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. கையில் ஒன்றுமே இல்லை. இருப்பதையெல்லாம் நடுவில் தள்ளினேன். மீசைக்காரன் யோசித்தான், யோசித்தான், கவிழ்த்துவிட்டான்!

நாற்காலியை விட்டு எழுந்து சமையலறை வரை ஒரு நடை போய்வந்தேன்.

ஆடிய ஆட்டமெல்லாம் பதிவான கோப்பை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டு, இனிமேலும் என்னை ஏமாளி என்பாயா, சொல்.

அப்பா


தைச்சுங்,
ஜூன் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

சளி முழுவதும் போய்விட்டதா? எனக்கு ஒன்றுமில்லை, வெயில்தான் வாட்டுகிறது.

முதலில் பாராட்டு. உள்ளே வருவது இருபத்து நான்கு, ஏற்றுவது பதினெட்டு. நிஜமான ஆட்டக்காரரின் எண். அந்த ஹார்ட்டின் ஆட்டத்தை எங்கள் அலுவலகப் பையன்களுக்குக் காட்டினேன். "உங்கப்பாவா? நாம யாராவது அவரோட உக்காந்தா சட்டையக் கழட்டிக் குடுத்துட்டுத்தான் வரணும்" என்றார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பிறகு அதே கோப்பை ஆள்வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

'மூன்று வாத்துமுட்டை' என்பவன் யார்?

மற்றவர்கள் பந்தயத்தை ஏற்றினால் நீங்கள் பாதிக்குப் பாதி எதிர்த்து நிற்கிறீர்கள். இவன் ஏற்றினால் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு முறை கவிழ்க்கிறீர்கள். பத்து ஆட்டத்தில் அல்ல, பல நூறு ஆட்டத்தில். தற்செயல் என்று சொல்ல இடமே இல்லை. ஏப்ரல் மாதம் ஒரு ஆட்டத்தில் உங்கள் கையில் ராஜா ஜோடி. நடுவில் மூன்றாவது ராஜாவும் விழுந்திருக்கிறது. அந்த நிலையில் உங்களை அடிக்க அவனிடம் உள்ள எந்தச் சீட்டாலும் முடியாது. அவன் ஏற்றினான். நீங்கள் கவிழ்த்துவிட்டீர்கள்! நான் அலுவலகத்தில் எழுந்து நின்றுவிட்டேன்.

அதோடு, அவன் எந்த மேசையில் உட்காருகிறானோ அங்கேதான் நீங்களும் போய் உட்காருகிறீர்கள். அவன் உங்களை ஏதாவது மிரட்டுகிறானா? தனியாகச் செய்தி அனுப்பி ஏமாற்றுகிறானா? வயதானவர்களைப் பேசி மயக்குகிற கூட்டம் இப்போது நிறைய. மறைக்காமல் எழுதுங்கள்.

போஷுன் நலம். நீங்கள் இப்போதும் கேட்கவில்லை.

உங்கள் யீஜென்


கீலுங்,
ஜூன் 20

யீஜென்னுக்கு,

நலம். மழை.

காதுக்குக் கருவி வாங்க வருகிற வாரம் போவதாக இருக்கிறேன். நீ இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாயே, உனக்குச் சந்தோஷமாக இருக்கும். மாடியில் சாக்கடைக் குழாய் அடைத்துக்கொண்டது, நானே சரி செய்தேன். மாம்பழம் இந்த வருஷம் இனிப்பே இல்லை.

நீ கேட்ட ஆள் கெட்டிக்கார ஆட்டக்காரன். எனக்கு அவனிடம் பயம். அதனால் கவிழ்க்கிறேன். வேறொன்றுமில்லை.

வெயிலில் தொப்பி போட்டுக்கொள்.

அப்பா


தைதுங்,
ஜூலை 8

அக்கா,

எப்படி இருக்கிறாய்? உங்கள் அணி தோற்றுக்கொண்டே இருக்கிறது, அதற்கு நீதான் காரணம் என்று இங்கே டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். நீ என் அக்கா என்று நான் சொல்லவில்லை.

நான் ரொம்ப நன்றாக இருக்கிறேன். விஷயம் என்னவென்றால், முக்குளிப்புக் கடை வேலையை விட்டுவிட்டேன். கத்தாதே, முழுக்கப் படி. வாடகை வீட்டுக்காரம்மா ஏற்கெனவே கத்திவிட்டாள். "ஏம்ப்பா, உனக்கு வெயில் ஒத்துக்காதா? நான் வளர்க்குற காளான்கூட உன்னவிட வெளிச்சம் பாக்குது" என்கிறாள்.

வசந்த காலத்திலிருந்து என் ஆட்டம் எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது. ஒரு ஆளைப் பற்றிச் சொன்னால் உனக்குப் புரியும், நீயும் எண்காரிதானே. 'கிழட்டுத் திமிங்கிலம்' என்று ஒருவன். பெயரைப் பார்த்து ஏமாளி என்று நினைத்தேன். இல்லை. உள்ளே வருவது இருபத்து நான்கு, ஏற்றுவது பதினெட்டு. மேசையில் எல்லோரையும் பிழிந்து காயப்போடுகிறான். ஊதா மீசை என்று ஒரு பழைய புலி, அவனையே அழவிட்டான். ஆனால் நான் ஏற்றினால் மட்டும் ஓடுகிறான்! ஒவ்வொரு முறையும். நூற்றுக்குத் தொண்ணூற்றாறு. எந்த நேரத்தில் எவ்வளவு ஏற்றினால் அவன் நடுங்குவான் என்பதைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். இப்படி ஒரு ஆளையே என்னால் படிக்க முடியும் என்றால் கடையில் காற்று உருளையைக் கழுவிக்கொண்டு நான் எதற்கு இருக்க வேண்டும்?

முதல் முறையாக, எனக்கு ஒரு விஷயம் நன்றாக வருகிறது அக்கா.

அப்பாவைப் பற்றி நான் கேட்கவில்லை. நீயும் எழுத வேண்டாம்.

போஷுன்


தைச்சுங்,
ஜூலை 12

அப்பா,

நலமாகத்தான் இருப்பீர்கள். நான் இல்லை.

மூன்று வாத்துமுட்டை போஷுன். உங்களுக்கு அது தெரியும். தெரியாது என்று எழுதாதீர்கள், ராஜா மூன்றைக் கவிழ்த்தவருக்கு அப்படி எழுத உரிமை கிடையாது.

அவன் கடிதம் வந்தது. உங்களைத் தன் திறமையால் ஜெயித்துக்கொண்டிருப்பதாக நம்பி வேலையை விட்டுவிட்டான். நான் என்ன செய்யட்டும்? சொன்னால் நொறுங்கிப்போவான். சொல்லாவிட்டால் இல்லாத திறமையை நம்பி வாடகை கட்டுவான். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் நின்று எத்தனை வருஷம்தான் இரண்டு பக்கமும் நலம் விசாரித்துக்கொண்டிருப்பது? அவன் "நான் கேட்கவில்லை" என்கிறான். நீங்கள் கேட்பதே இல்லை. இரண்டு பேரும் ஒரே மேசையில் தினமும் உட்கார்ந்திருக்கிறீர்கள்!

இன்னொன்று. நான் பார்த்த எண்களை இந்த ஆட்டத்தை நடத்துகிற இணையத்தளத்துக்காரர்களும் பார்க்க முடியும். ஒருவன் இன்னொருவனுக்கு வேண்டுமென்றே விட்டுக்கொடுப்பது அங்கே குற்றம். இரண்டு பேரும் கூட்டு என்றுதான் நினைப்பார்கள்.

நீங்களே அவனுக்கு எழுதுங்கள். அதுவரை அந்த மேசைக்குப் போகாதீர்கள்.

யீஜென்


தைச்சுங்,
ஆகஸ்ட் 10

அப்பா,

பதில் இல்லை. பக்கத்து வீட்டு ஹோ அம்மாவிடம் விசாரித்தேன். "உங்கப்பாவுக்கு என்ன, கல்லு மாதிரி இருக்காரு. நாலு மணியானா கதவைச் சாத்திக்கிட்டு கம்ப்யூட்டர் முன்னால உக்காந்துடுறாரு" என்றாள்.

அப்படியென்றால் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

யீஜென்


தைதுங்,
செப்டம்பர் 1

அப்பாவுக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. மன்னிக்கவும் இல்லை.

நேற்று என் கணக்கைப் பூட்டிவிட்டார்கள். காரணம் கேட்டேன். "'கிழட்டுத் திமிங்கிலம்' என்ற கணக்கின் உரிமையாளரும் நீங்களும் ஒரே வீட்டு முகவரியில் பதிவானவர்கள். இருவரும் கூட்டுச் சேர்ந்து ஆடியதாகச் சந்தேகிக்கிறோம்" என்று பதில் வந்தது. நான் வீட்டுப் பதிவை இன்னும் மாற்றவில்லை, என் அடையாள அட்டையில் கீலுங் முகவரிதான் இருக்கிறது. அந்த முகவரியில் வேறு யாரும் இல்லை.

உடனே அக்காவைக் கூப்பிட்டேன். "அக்கா, அந்தத் திமிங்கிலம் யாரு?" என்று கேட்டேன். "நீ முதல்ல உக்காரு" என்றாள். அதுவே பதில்.

நான் உங்களை எவ்வளவு படித்தேன் தெரியுமா? நீங்கள் எத்தனை விநாடி யோசிக்கிறீர்கள், எந்த இடத்தில் தயங்குகிறீர்கள் என்று குறித்துக் குறித்து வைத்தேன். கவிழ்க்க வைத்துவிட்டேன் என்று ஒவ்வொரு முறையும் தனியாக அறையில் குதித்தேன். என்னை விடப் பலமான ஒரு ஆளை நான் ஜெயித்தேன் என்று நினைத்தேன். நீங்கள் பிச்சை போட்டிருக்கிறீர்கள்.

சித்தப்பாக்கள் எதிரில் சீட்டாடி என்று சொன்னீர்கள். அது எவ்வளவோ மேல். அதில் சீட்டு ஆடத் தெரியாது என்று நீங்கள் சொல்லவில்லை.

போஷுன்


கீலுங்,
செப்டம்பர் 9

மகன் போஷுனுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். நீ இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல மாட்டாய், இருந்தாலும் கேட்கிறேன், நீ நலமா?

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீ கோபப்படுவது நியாயம்தான். ஆனால் பிச்சை என்று எழுதியிருக்கிறாய், அது தப்பு.

ஒரு பையன் படிப்பை விட்டுவிட்டுப் போகிற அளவுக்கு இதில் என்னதான் இருக்கிறது என்று பார்க்கத்தான் நான் உள்ளே போனேன். ஒருநாள் மேசையில் 'மூன்று வாத்துமுட்டை' என்று பெயர் வந்தது. உனக்கு ஒன்பது வயதில் கவ்ஷுங் துறைமுகத்தில் என் கப்பலுக்கு உன்னைக் கூட்டிப்போனேன். சமையற்காரர் கொடுத்த உப்பு வாத்துமுட்டை மூன்றையும் ஒரே மூச்சில் தின்றுவிட்டு, தலைமை இயந்திரப் பொறியாளரின் பூட்ஸ் மேல் வாந்தி எடுத்தாய். உன் அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கினாய். நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் பெயரை வேறு எவன் வைப்பான்?

நாலு மணிக்கு உன் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரியும். பையன் வந்துவிட்டான், சாப்பிட்டிருப்பான், உடம்பு நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். எதிரே உட்காருவேன். உட்கார்ந்தால் சீட்டு வருகிறது. நல்ல சீட்டாகவே வந்து தொலைக்கிறது. உன்னிடமிருந்து எடுத்து நான் என்ன வாங்கப் போகிறேன்? எழுந்து போயிருக்கலாம். மேசைக்கு ஆறு நாற்காலிதான். எழுந்தால் வேறொருவன் உட்கார்ந்துவிடுவான்.

உன் அக்கா போகாதே என்றாள். இரண்டு நாள் போகாமல் இருந்து பார்த்தேன்.

தளத்துக்காரர்களுக்கு எழுதிவிட்டேன். அவனுக்கு ஒன்றும் தெரியாது, கவிழ்த்ததெல்லாம் நான், என் கணக்கை மூடிக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். கோப்புகளையெல்லாம் யீஜென்னிடம் கொடுத்திருக்கிறேன்.

பழைய இடத்திலேயே வேலை கேட்டுப் பார்.

அப்பா


தைச்சுங்,
அக்டோபர் 14

அன்புத் தம்பி போஷுனுக்கு,

நான் நலம். பேஸ்பால் பருவம் முடிந்தது, எங்கள் அணிக்குக் கடைசிக்கு முந்தின இடம். டீக்கடையில் என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும்.

நல்ல செய்தி முதலில். தளத்திலிருந்து முடிவு வந்துவிட்டது, உன் கணக்கைத் திறக்கிறார்கள். அப்பாவின் எழுத்தை மட்டும் அவர்கள் நம்பவில்லை. எந்த அப்பாவும் அப்படித்தான் எழுதுவார் என்றார்கள். நான் உன் எண்களை அனுப்பினேன். அப்பாவுக்கு எதிராக நீ ஆடிய விதமும் மற்றவர்களுக்கு எதிராக ஆடிய விதமும் கிட்டத்தட்ட ஒன்றேதான். அதைவிட முக்கியம், ஒவ்வொரு முறையும் அவரிடம் நீ முழு நேரத்தையும் எடுத்துக்கொண்டு யோசித்திருக்கிறாய். கவிழ்க்கப் போகிறார் என்று தெரிந்தவன் யாராவது அப்படி வியர்வை சிந்துவானா? அந்த இடத்தில்தான் ஒத்துக்கொண்டார்கள். அப்பாவின் கணக்கை நிரந்தரமாக மூடிவிட்டார்கள். அவரிடமிருந்து உனக்கு வந்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். நீ வீட்டுப் பதிவைத் தனி முகவரிக்கு மாற்ற வேண்டும், அது நிபந்தனை.

இப்போது நீ போனில் கேட்டதற்குப் பதில். "அவரோட ஆடினதெல்லாம் எடுத்துட்டு, நான் நல்லா ஆடுறேனா இல்லையான்னு மட்டும் சொல்லு" என்றாய். எடுத்துவிட்டுப் பார்த்தேன். கொஞ்சம் நஷ்டம். பெரிய நஷ்டம் இல்லை. இந்த அளவு ஆட்டத்தை வைத்து நீ நல்ல ஆட்டக்காரன் என்றும் சொல்ல முடியாது, மோசம் என்றும் சொல்ல முடியாது. தெரியாது என்பதுதான் சரியான பதில். அப்பாவிடமும் பயிற்சியாளரிடமும் சொல்லிச் சொல்லி அலுத்த அதே வாக்கியம், உனக்கும் அதுதான்.

முக்குளிப்புக் கடையில் பாதி நாள் வேலைக்குக் கேள். மீதி நாள் ஆடு. ஒரு வருஷம் கழித்து மறுபடி எண்ணிப் பார்ப்போம்.

இனிமேல் நான் நடுவில் நின்று யாருடைய நலத்தையும் யாருக்கும் சொல்வதாக இல்லை. வேண்டுமென்றால் நேரில் போய் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அக்கா


கீலுங்,
நவம்பர் 3

அக்கா,

நலமா? நான் நலமாக இல்லை, கடுங்கோபத்தில் இருக்கிறேன். முழுக்கப் படி.

வீட்டுப் பதிவை மாற்ற நேரில் வந்தால் சீக்கிரம் முடியும் என்றார்கள். வந்தேன். அதற்காக மட்டும்தான் வந்தேன். அவர் கதவைத் திறந்தார். "சாப்பிட்டியா?" என்றார். "இல்ல" என்றேன். நண்டுச் சூப்பும் சோறும் வைத்தார். காதில் கருவி மாட்டியிருக்கிறார், ஆனால் அணைத்து வைத்திருக்கிறார். தட்டு கழுவினார், துடைத்தார், மறுபடி கழுவினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்து மேசையில் போட்டேன்.

"ஆடுங்க."

"இப்ப எதுக்குடா?"

"ஆடுங்கன்னா ஆடுங்க. காசு வேணாம், வேர்க்கடலை வெச்சு ஆடுவோம். ஒழுங்கா ஆடணும்."

இரண்டு கிண்ணத்தில் சரிபாதியாகக் கடலையைப் பிரித்தேன். சீட்டைப் போட்டேன். ஏற்றினேன். அவர் தன் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மெதுவாகக் கவிழ்த்தார். நான் எட்டி அதைப் பிடுங்கித் திருப்பினேன். இரண்டு ராணி!

"அப்பா!" என்று கத்தினேன். அந்தத் தெருவுக்கே கேட்டிருக்கும். "இன்னொரு தடவ இப்படிப் பண்ணீங்கன்னா நான் இப்பவே பஸ் ஏறிடுவேன். அப்புறம் வரவே மாட்டேன். நான் உங்க எதிர்ல உக்காந்திருக்கேன்ல? என்னைய ஒரு ஆளா மதிச்சு ஆடுங்க!"

அவர் முகம் சிவந்துவிட்டது. "மரியாதை இல்லாம கத்துறான் பாரு. சரி, போடுடா சீட்டை" என்றார். காதுக் கருவியைத் திருகி இயக்கினார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

அக்கா, அந்த ஆள் மனுஷனே இல்லை. நான் எச்சில் முழுங்கினால் ஏற்றுகிறார், மூச்சு விட்டால் ஏற்றுகிறார். திரையில் எண்ணைப் பார்த்துக்கொண்டு ஆடுவது வேறு, எதிரே உட்கார்ந்து அந்த முகத்தைப் பார்ப்பது வேறு. என் கிண்ணம் பாதிக்கு வந்தது. கடைசியாக என்னிடம் ஏஸ் ஜோடி, இரண்டுமே ஸ்பேட் இல்லை. அவர் தன் கடலை முழுவதையும் நடுவில் தள்ளிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தார். நடுவில் நாலு ஸ்பேட் கிடந்தது. அவர் கையில் ஒரு ஸ்பேட் இருந்தால் போதும், ஐந்தும் ஒரே இனமாகி ஜெயித்துவிடுவார். நான் யோசித்தேன், யோசித்தேன். கவிழ்த்துவிட்டேன்.

அவர் தன் சீட்டைத் திருப்பிக் காட்டினார். டயமண்ட் ஏழு, கிளாவர் இரண்டு. ஒன்றுமே இல்லை!

"கையில ஒண்ணுமில்லாமயா முழுக்கடலையும் தள்ளுனீங்க?"

"நீ கவிழ்ப்பேன்னு தெரியும்" என்றார். "ஆறு மாசமா உன்னத்தான்டா பாத்துக்கிட்டிருந்தேன். ரொம்ப யோசிச்சா நீ பயந்துடுவ. யோசிக்கிறதுல தப்பில்ல, ஆனா பயத்தைச் சேத்து யோசிக்காத."

சிரித்தார் அக்கா. என் கடலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே, ஒன்றை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு சிரித்தார். எனக்கு இவ்வளவு எரிச்சல் வாழ்நாளில் வந்ததில்லை. மறுநாள் மதியமும் ஆடினோம், தோற்றேன். இன்றும் தோற்றேன்.

பதிவு அலுவலகம் எல்லா நாளும் திறந்துதான் இருக்கிறது. நான் இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை. முதலில் அந்தக் கடலையையெல்லாம் திருப்பி ஜெயித்தாக வேண்டும்.

போஷுன்